ஐந்தரை மணிப் பட்டியல்

என் கணவர் ஹபீபுர் ரஹ்மான் வேலை பார்த்த அறக்கட்டளைக்குச் சென்னையில் மூன்று விடுதிகள் இருந்தன. அடையாற்றில் ஒன்று, தியாகராய நகரில் ஒன்று, மயிலாப்பூரில் ஒன்று. வெளியூரிலிருந்து வேலைக்கு வரும் பெண்கள் தங்குவதற்கானவை. ஒவ்வொரு ஜூன் மாதமும் அறுபது கட்டில்கள் காலியாகும். அந்த அறுபதுக்கு இருநூறு பேருக்கு மேல் விண்ணப்பம் போடுவார்கள்.

யாருக்குக் கட்டில் என்று முடிவு செய்ய மதிப்பெண் முறை ஒன்று இருந்தது. ஊர் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் என்றால் பத்து. சம்பளம் ஆயிரத்து ஐந்நூறுக்குக் கீழே என்றால் பதினைந்து. அப்பா இல்லாதவருக்குப் பத்து. முதல் வேலை என்றால் ஐந்து. சென்னையில் சொந்தக்காரர் ஒருவரும் இல்லையென்றால் எட்டு. லஸ் முனையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு சந்தில் இருந்த எங்கள் அலுவலகத்தின் வாசல் பலகையில் இதெல்லாம் எழுதியே இருந்தது.

எழுதியிருந்ததே தவிர, அப்படி நடக்கவில்லை. கையால் மதிப்பெண் கூட்டி, வரிசைப்படுத்தி, தட்டச்சு செய்து முடிக்க மூன்று வாரம் ஆகும். அந்த மூன்று வாரத்தில் துண்டுச் சீட்டுகள் வரும். 'இந்தப் பெண் நமக்கு வேண்டியவள்' என்று யாராவது ஒரு டாக்டரோ வக்கீலோ ஓய்வுபெற்ற அதிகாரியோ எழுதியிருப்பார்கள். செயலாளர் சந்திரமௌலி சார் அதை அந்தப் பெண்ணின் விண்ணப்பத்தோடு சேர்த்துக் குண்டூசி குத்தி வைப்பார். பட்டியல் வெளியே வரும்போது குண்டூசி குத்திய விண்ணப்பங்கள் எல்லாம் அறுபதுக்குள் இருக்கும். இதில் யாரும் யாரிடமும் பணம் வாங்கியதில்லை. சந்திரமௌலி சார் அதை உதவி என்றுதான் நினைத்தார். உதவி கேட்க ஆள் தெரியாத பெண்களைப் பற்றி அவர் நினைத்தாரா என்று எனக்குத் தெரியாது.

1995இல் அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது. என் கணவர் உஸ்மான் சாலையில் ஒரு மாடியில் மாலை நேரத்தில் ஆறு வாரம் எக்செல் படித்தார். ஒருநாள் கச்சேரி ரோடு பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் பேச ஆரம்பித்தார்.

"மேக்ரோன்னு ஒண்ணு இருக்கு நஸ்ரு. டேப் ரிக்கார்டர் மாதிரிதான். ஒரு பட்டனை அழுத்திட்டு, நான் செய்யற வேலையை ஒரு தடவை செஞ்சு காட்டினாப் போதும். என் கை எங்கெல்லாம் போச்சோ அத அப்படியே எழுதி வெச்சுக்குது. அடுத்த வருஷம் ஓடவிட்டா அதுவே எல்லாத்தையும் செஞ்சுடும்."

"அப்ப உங்களுக்கு என்ன வேலை?"

"பசை டப்பாவைத் தூக்கிட்டு நிக்கறது." சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மூணு வாரம் ஆகறதாலதானே சீட்டு வருது? அந்த மூணு வாரமே இல்லேன்னா?" என்றார்.

அந்த வருடம் மே 31ஆம் தேதி மாலை ஐந்து மணிக்கு விண்ணப்பம் வாங்குவது முடிந்தது. மொத்தம் 212 பேர். தினமும் வந்ததை அன்றன்றே அவர் ஏற்றி வைத்திருந்தார். ரிக்கார்டு பட்டனை அழுத்தி, நகலெடுத்து, மதிப்பெண் போட்டு, வரிசைப்படுத்தி, அச்செடுத்து, ஐந்தரை மணிக்குப் பலகையில் ஒட்டிவிட்டார். மறுநாள் சீட்டோடு வந்தவர்கள் பலகையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

அக்டோபரில் அடுத்த வருடத்துக்கான விண்ணப்பப் படிவம் அச்சுக்குப் போனபோது அடியில் ஒரு வரி சேர்த்தார். 'கடைசித் தேதியன்று மாலை 5.30 மணிக்குத் தேர்வுப் பட்டியல் அலுவலகப் பலகையில் ஒட்டப்படும்.' சந்திரமௌலி சார் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். ஆயிரம் படிவம் அச்சாகி வந்தது.

நவம்பரில், கிண்டி ரயில் நிலையப் படிக்கட்டில், மூச்சு வாங்குகிறது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அவருக்கு வயது நாற்பத்தொன்று.

கணவரை இழந்தவள் இருக்க வேண்டிய இத்தாவுக்காக நான்கு மாதம் பத்து நாள் நான் வீட்டுக்குள் இருந்தேன். அது முடிந்த வாரம் சந்திரமௌலி சார் வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "நீங்கோ பி.ஏ. படிச்சிருக்கேள், டைப்பிங் தெரியும்னு ஹபீப் சொல்லிண்டே இருப்பான். அவன் ஸீட்ல நீங்களே வந்து உக்காருங்கோ. முதல் ஆறு மாசம் தற்காலிகம். அப்புறம் நான் பாத்துக்கறேன்" என்றார். ட்ரஸ்டிகளிடம் அவர்தான் பேசிச் சம்மதம் வாங்கியிருந்தார். அந்த நன்றி எனக்கு அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. நடந்ததைச் சொல்லும்போது அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

1996 ஏப்ரல் முதல் தேதி வேலைக்குச் சேர்ந்தேன். மேசை இழுப்பறையில் என் கணவரின் எக்செல் வகுப்பு நோட்டு இருந்தது. விண்ணப்பங்களை ஏற்றக் கற்றுக்கொண்டேன். மே மாதம் மூன்றாவது வாரம் செயலாளர் கூப்பிட்டார்.

"மெஷின்ல போடறதை நான் வேண்டாங்கலை. போடுங்கோ. ஆனா பட்டியலை ஒரு பதினஞ்சு நாள் உள்ளேயே வெச்சிண்டு, நாலு பேர் கண்ணால பாத்துட்டு ஒட்டலாம்."

"படிவத்துல அஞ்சரை மணின்னு அச்சடிச்சிருக்கே சார்."

"அச்சடிச்சா என்னம்மா? நாமதானே அடிச்சோம்?"

"அத நம்பி முப்பத்தொண்ணாம் தேதி பஸ் ஏறி வர்ற பொண்ணுங்ககிட்ட யார் சார் சொல்றது? நீங்க எழுத்துல குடுத்தா நான் வாசல்ல ஒட்டறேன்."

அவர் எழுத்தில் கொடுக்கவில்லை. அவருடைய மேசையில் அன்று பதினொரு துண்டுச் சீட்டுகள் கண்ணாடிக் குண்டின் அடியில் இருந்தன.

மே 31 வெள்ளிக்கிழமை. ஐந்து மணிக்குக் கடைசி விண்ணப்பம் எண் 251. அதை ஏற்றிவிட்டு, மேக்ரோவை ஓடவிட்டேன். எங்கள் கம்ப்யூட்டர் மெதுவானது. ஒவ்வொரு அசைவும் திரையில் தெரியும். கட்டங்கள் கறுத்தன, நகர்ந்தன, மேலும் கீழும் மாறின. நடுவில் கர்சர் காரணமே இல்லாமல் வலது ஓரத்தில் ஒரு காலிக் கட்டத்துக்குப் போய் நின்றது. எம் வரிசை, இருபதாவது கட்டம். அங்கே ஒன்றுமே இல்லை. உடனே திரும்பி வந்து விட்ட வேலையைத் தொடர்ந்தது.

அலுவலக உதவியாளர் சின்னப்பையன் என் பின்னால் நின்றுகொண்டிருந்தார். பெயர்தான் சின்னப்பையன், அடுத்த வருடம் ஓய்வு.

"அத்த விடும்மா. போன வருசம் சாரு இத்த பண்ணிக்கினு இருக்கசொல்லோ நான் டீ கொணாந்து வெச்சேன். கிளாசு மேல கை பட்டு, அந்த கம்ப்யூட்டரு எலி நவுந்துச்சு. 'யோவ், உன் டீயையும் சேத்து ரிக்காட் பண்ணிட்டேன்யா'ன்னாரு. திரும்ப மொதல்லேந்து பண்ண டைம் இல்ல. வுட்டுட்டாரு."

அவர் கை தவறிய இடத்துக்குக்கூட அது தவறாமல் போய் வந்தது. நான் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அச்சு இயந்திரம் கிரீச்சிட்டு எண்பது பெயர்களைத் தள்ளியது. அறுபது பேர் தேர்வு, இருபது பேர் காத்திருப்பு. ஐந்தரைக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது சின்னப்பையன் பசை தடவ, நான் ஒட்டினேன். பதினொரு சீட்டுகளும் கண்ணாடிக் குண்டின் அடியிலேயே கிடந்தன. அன்று மாலை கடற்கரைப் பக்கம் சாந்தோம் வரை தனியாக நடந்துவிட்டு வீட்டுக்குப் போனேன். அவர் இறந்த பிறகு முதல்முறையாகப் பசித்துச் சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு ஒரு பெண் வந்தாள். ஒல்லியாக, எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தாள். பெயர் தேவானை. ஆரணிக்கு அந்தப் பக்கம் ஊர். கிண்டி எஸ்டேட்டில் சட்டை தைக்கும் கம்பெனியில் வேலை. ரசீதை மேசை மேல் வைத்தாள். எண் 233.

"மேடம், என் பேரு இல்லீங்க."

"அறுபது பேர்தாம்மா எடுக்க முடியும். காத்திருப்புல பாத்தீங்களா?"

"அதுலயும் இல்லீங்க. வெளிய எழுதியிருக்கறத வெச்சுக் கணக்குப் போட்டுப் பாத்தேன். எனக்கு நாப்பது வருது. கடைசியா எடுத்தவங்களுக்கு முப்பத்திமூணுதான் போட்டிருக்கு."

"சொந்தக்காரங்க யாரும் இல்லேன்னு சேத்துக்கிட்டீங்களா?"

"இல்லீங்க. கொட்டிவாக்கத்துல சித்தி வீடு இருக்குன்னு எழுதிட்டேன். அந்த எட்டு எனக்கு வராது. அத விட்டுட்டுத்தான் நாப்பது" என்றாள். "சித்தப்பா அஞ்சாந்தேதிக்குள்ள எடம் பாத்துக்கன்னு சொல்லிட்டாரு. அது உங்க ஃபாரத்துல எழுத எடமில்ல."

"இது கம்ப்யூட்டர் போட்டதும்மா. அது யாருக்கும் கூட்டியும் போடாது, குறைச்சும் போடாது."

நான் அதை மிடுக்காகச் சொன்னேன். இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

"சரிங்க. அப்ப எனக்கு எவ்ளோ போட்டுச்சுன்னு மட்டும் காட்டுங்க" என்றாள். "நான் அங்க செக்கிங்குல இருக்கேன். ஒரு நாளைக்கு முந்நூறு சட்ட பாக்கறேன். ஒரு பித்தான் இல்லேன்னாலும் கண்ணுல பட்டுடும். எனக்கு என்னமோ பித்தான் விட்டுப்போன மாதிரி இருக்கு."

பட்டியல் தாளைத் திறந்து அவள் பெயரைத் தேடினேன். இல்லை. மதிப்பெண் குறைவு என்றால் கீழேயாவது இருக்க வேண்டும். கீழே கீழே போனேன். 212ஆவது பெயரோடு பட்டியல் முடிந்தது.

விண்ணப்பங்கள் 251. பட்டியலில் 212.

தேவானையை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, நோட்டைப் பார்த்து மேக்ரோ எழுதி வைத்திருந்த பக்கத்தைத் திறந்தேன். ஆங்கிலத்தில் வரிவரியாக இருந்தது. முக்கால்வாசி புரியவில்லை. ஆனால் மூன்று இடத்தில் ஒரே எண் கண்ணில் பட்டது. ஐந்தாவது வரியிலிருந்து 216ஆவது வரி வரை நகலெடு. 216 வரை மதிப்பெண் போடு. 216 வரை வரிசைப்படுத்து. போன வருடம் அவர் கை அதுவரைதான் போனது. போன வருடம் அதுவரைதான் பெயர்கள் இருந்தன. இந்த வருடம் கூடுதலாக முப்பத்தொன்பது பெண்கள் வந்திருப்பது அதற்குத் தெரியாது. கடைசி வாரத்தில் விண்ணப்பம் போட்டவர்கள் அவர்கள். வேலை கிடைத்ததே அப்போதுதான் என்பவர்கள்.

விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். அந்த முப்பத்தொன்பதில் ஒன்பது பேர் அறுபதுக்குள் வர வேண்டியவர்கள். அப்படியானால் சுவரில் ஒட்டிய அறுபதில் ஒன்பது பேர் கீழே இறங்க வேண்டும்.

சின்னப்பையன் என் முகத்தைப் பார்த்துவிட்டு விசாரித்தார். சொன்னேன்.

"இதுக்கா இப்டி உக்காந்துகினு கீற? வந்தது ஒரு பொண்ணு. அத்த வெயிட்டிங்ல மொதல்ல சொருவிடு. ஒரு வாரத்துல யாராவது வரமாட்டேன்னுவாங்க, உள்ள பூந்துடும். மீதிப் பேருக்கு இன்னா தெரியப் போவுது?"

"அதுக்குப் பேரு என்ன தெரியுமா அண்ணே? துண்டுச் சீட்டு. இவ்ளோ நாள் சார் குண்டூசி குத்தினாரு. இப்ப நான் குத்தணும்."

அவர் தலையைச் சொறிந்தார். "கரீட்டுதான். அப்ப சார்கிட்ட சொல்லப் போறியா?"

"ஆமா."

"டீ குடிச்சிட்டுப் போ. தெம்பா இருக்கும்."

சந்திரமௌலி சார் நான் சொன்னதை முழுவதும் கேட்டார். கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பாத்தேளா. இதுக்குத்தான் மனுஷா கண்ணு வேணும்னேன்."

"கண்டுபிடிச்சதும் மனுஷக் கண்ணுதான் சார். வெளிய உக்காந்திருக்கு."

"இருக்கட்டும். இப்போ என்ன பண்ணலாம்னு பாருங்கோ. 'தொழில்நுட்பக் காரணங்களால் பட்டியல் திரும்பப் பெறப்படுகிறது'ன்னு ஒரு வரி போட்டுடலாம். ஜூன் இருபது, இருபத்தஞ்சுக்குள்ள கையால ஒரு பட்டியல் போட்டுடலாம். உங்களுக்கும் சிரமமில்லை." கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னை நேராகப் பார்த்தார். "ஹபீப் பேருக்கும் ஒரு குறை வராது. பாவம், போய்ட்டான். அவன் பண்ணின தப்புன்னு ட்ரஸ்டி மீட்டிங்ல பேசறது எனக்கே பிடிக்காது."

இதை அவர் உண்மையான பரிவோடுதான் சொன்னார். அதனால்தான் எனக்கு அதிகம் வலித்தது. என் கணவரின் பெயரைக் காப்பாற்ற, அவர் எதை ஒழித்தாரோ அதையே நான் திருப்பிக் கொடுக்க வேண்டும். மூன்று வாரமும், அதில் வரும் சீட்டுகளும்.

"தப்பு அவருதுதான் சார். அதுக்கு மேல என்னுது. 251 ஏத்தினவ நான். எத்தனை பேர் உள்ள போனாங்கன்னு எண்ணிப் பாக்காம ஒட்டினவளும் நான். ரெண்டையும் எழுதியே ஒட்டறேன். இன்னிக்கு சாயங்காலம் அஞ்சரைக்குத் திருத்தின பட்டியலும் போடறேன்."

"நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"சரி சார்."

"உங்களுக்கு இன்னும் ஆறு மாசம் முடியலை. இந்த வேலை எப்படிக் கெடைச்சதுன்னு நான் ஞாபகப்படுத்தப் போறதில்லை."

"எனக்கு ஞாபகம் இருக்கு சார். நாற்காலி நுனியில உக்காந்து பேசினீங்க. தண்ணிகூடக் குடிக்கல."

நான் வெளியே வந்து, தேவானையிடம், "தப்பு எங்க மேல. உன் பேரு விட்டுப் போச்சு. சாயங்காலம் அஞ்சரைக்கு வா" என்றேன்.

"லீவு போட்டுட்டேன் மேடம். இங்கயே இருக்கேன்."

பிறகு எழுதி ஒட்டினேன். 'வெள்ளிக்கிழமை ஒட்டிய பட்டியலில் 213 முதல் 251 வரையுள்ள விண்ணப்பங்கள் விடுபட்டுவிட்டன. பட்டியல் போடும் முறையில் நேர்ந்த தவறு இது. சரிபார்க்காதது என் தவறு. திருத்திய பட்டியல் இன்று மாலை 5.30க்கு. நஸ்ருன்னிசா ஹபீபுர் ரஹ்மான்.'

மணி ஒன்று. எனக்கு நாலரை மணி நேரம் இருந்தது.

முதலில் 216 இருந்த மூன்று இடத்திலும் 255 என்று மாற்றப் போனேன். மாற்றினால் இந்த வருடத்துக்குச் சரி. அடுத்த வருடம் முந்நூறு பேர் வந்தால் மறுபடி இதே கதை. மூன்று இடத்திலும் 1000 என்று போட்டேன். அறுபது கட்டிலுக்கு ஆயிரம் பெண்கள் வரிசையில் நிற்கும் நாள் வந்தால், அன்றைக்கு அறக்கட்டளை இன்னொரு விடுதி கட்டட்டும்.

ஓடவிட்டுப் பார்த்தேன். பட்டியல் நடுவில் எழுநூறு வெற்று வரிகள் வந்து நின்றன. பெயரில்லை, ஊரில்லை, ஆளுக்குப் பதினைந்து மதிப்பெண் மட்டும் இருந்தது. யோசித்துப் பார்த்தபோது புரிந்தது. சம்பளக் கட்டம் காலியாக இருந்தால் அது ஆயிரத்து ஐந்நூறுக்குக் கீழ். பிறக்காத பெண்களுக்கெல்லாம் ஏழை என்று பதினைந்து கொடுத்து, உண்மையான பெண்கள் சிலருக்கு மேலே உட்கார வைத்திருந்தது. சின்னப்பையன் எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, பேயிங்கல்லாம் அப்ளிகேசன் போட்டுகீது" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த அறையில் நான் முதன்முதலாகச் சிரித்தது அன்றுதான்.

பெயர் இல்லையென்றால் பூஜ்யம் என்று அதற்குச் சொல்ல வேண்டும். கட்டத்தில் அதை எப்படிப் போடுவது என்று நோட்டில், பதினேழாம் பக்கத்தில், அவர் எழுதி வைத்திருந்தார். மேக்ரோவுக்குள் எப்படி எழுதுவது என்றுதான் இல்லை. கடைசியில் அவர் செய்ததையே நானும் செய்தேன். ரிக்கார்டு பட்டனை அழுத்திவிட்டு, கட்டத்தில் சூத்திரத்தை என் கையால் அடித்தேன். நிறுத்தினேன். நான் செய்ததை அது என்ன மொழியில் எழுதியிருக்கிறது என்று திறந்து பார்த்தேன். ஒரே ஒரு நீள வரி. அதை வெட்டி, அவருடைய பழைய வரியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒட்டினேன்.

அதற்கு நான்கு வரி கீழே, கை தவறிப் பதிந்த அந்த எம் இருபது இருந்தது. அதனால் ஒரு பயனும் இல்லை. எடுத்துவிட்டால் ஒரு விநாடி மிச்சம். கர்சரை அங்கே வைத்தேன். பிறகு அதைத் தாண்டிக் கீழே போனேன்.

இன்னும் ஒன்று செய்தேன். அவர் எண்பது பேரை மட்டும் அச்செடுக்கும்படி வைத்திருந்தார். அதனால்தான் முப்பத்தொன்பது பேர் இல்லாதது யார் கண்ணிலும் படவில்லை. அந்த எல்லையை எடுத்துவிட்டேன். எல்லாப் பெயரும், எல்லா மதிப்பெண்ணும், கடைசி ஆள் வரை வர வேண்டும். தலைப்பில், 'பெற்ற விண்ணப்பங்கள் 251, பட்டியலில் உள்ளவை 251' என்று இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டேன். அடுத்த முறை எந்தப் பெண்ணுக்குச் சந்தேகம் வந்தாலும் அவள் என்னிடம் வந்து கெஞ்சத் தேவையில்லை. தன் ரசீது எண்ணையும் சுவரையும் பார்த்தால் போதும்.

நாலரை மணிக்குச் சரியாக ஓடியது. ஒன்பது பேர் மேலே வந்தார்கள், ஒன்பது பேர் இறங்கினார்கள்.

இறங்கிய ஒன்பதில் ஒருத்தி, ஜானு, கும்பகோணத்திலிருந்து அன்று காலைதான் தகரப் பெட்டியோடு வந்து இறங்கியிருந்தாள். புதன்கிழமை சேர்க்கை என்பதால் முன்கூட்டியே வந்துவிட்டாள். வராந்தாவில் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தவளிடம் நானே போய்ச் சொன்னேன். காத்திருப்பில் மூன்றாவது இடம் என்றேன்.

"வெள்ளிக்கிழமை என் ஃப்ரெண்டு பாத்து போன் பண்ணினா. சுவத்துல என் பேர் இருந்தது. ஆத்துல எல்லாருக்கும் சொல்லியாச்சு" என்றாள்.

"இருந்தது தப்பும்மா. எங்க தப்பு."

"உங்க தப்புக்கு நான் ஏன் தெருவுல நிக்கணும்?"

அவள் கேட்டது நியாயம். மயிலாப்பூர் விடுதி விருந்தினர் அறையில் பத்து நாள் அவளைத் தங்கவைக்க வார்டனிடம் பேசி ஏற்பாடு செய்தேன். ஒன்பது பேருக்கும் அந்த வசதி உண்டு என்று பட்டியலுக்குக் கீழேயே எழுதினேன். அவளுக்கு மட்டும் செய்தால் அதுவும் ஒரு சீட்டுத்தானே. ஜூலையில் அவளுக்கு இடம் கிடைத்தது. கடைசி வரை அவள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஐந்து மணிக்கு அச்செடுக்க ஆரம்பித்தேன். காகிதம் ஓட்டைப் பட்டியோடு நீளமாக மடிந்து விழுந்துகொண்டே இருந்தது. பெயர்கள் முடிந்து பூஜ்யங்கள் ஆரம்பித்த இடத்தில் இயந்திரத்தை நிறுத்திக் கிழித்தேன். ஐந்து இருபதுக்கு, முழங்கால் வரை தொங்கும் தாளோடு வாசலுக்குப் போனபோது சந்திரமௌலி சார் பலகைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். என் அறிவிப்பைப் படித்துக்கொண்டிருந்தார். சந்தில் முப்பது நாற்பது பெண்கள் கூடிவிட்டார்கள்.

"ட்ரஸ்டிக்குப் போன் போட்டேன். ஆத்துல இல்லை. அவர் வர்ற வரைக்கும் நிறுத்தி வையுங்கோ" என்றார் தாழ்ந்த குரலில்.

"எத்தனை மணிக்கு வருவாருன்னு சொன்னாங்க?"

"ஏழு, ஏழரை ஆகும்."

"அறிவிப்புல அஞ்சரைன்னு இருக்கு சார்."

"நான் சொல்றேன், ஒட்டாதீங்கோ."

சின்னப்பையன் பசை டப்பாவோடு எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். அவருக்கு ஓய்வூதியம் அடுத்த வருடம். நான் டப்பாவை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். அவர் விடவில்லை. "நீ ஒட்டு, நான் தடவறேன். பசை தடவக் கூடாதுன்னு யாரும் சொல்லலியே" என்றார்.

தாள் நீளமானது. மேல் நுனியை நான் பிடிக்க, கீழ்நுனி காற்றில் ஆடியது. தேவானை முன்னால் வந்து கீழே குனிந்து அதைப் பிடித்துக்கொண்டாள். சந்திரமௌலி சார் ஒரு அடி நகர்ந்து வழிவிட்டார். ஏன் நகர்ந்தார் என்று இன்றும் எனக்குத் தெரியாது. இத்தனை பெண்கள் முன்னால் கையைத் தட்டிவிட அவரால் முடியாமல் போயிருக்கலாம். அவர் நல்ல மனிதர்.

ஒட்டி முடித்ததும் தேவானை தன் பெயரைத் தேடவில்லை. கீழ்நுனியைப் பிடித்தபடியே கடைசி வரியைப் படித்தாள். விரலால் தொட்டு, "இருநூத்தி அம்பத்தொண்ணு" என்றாள். தலைப்பைப் பார்த்தாள். மறுபடி கடைசி வரியைப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் மேலே போனாள். இருபத்தெட்டாவது இடத்தில் இருந்தாள். அடையாறு விடுதி. தாளில் தூக்கிக்கொண்டு நின்ற ஒரு ஓரத்தை உள்ளங்கையால் அழுத்தித் தடவி ஒட்டவைத்துவிட்டு, பஸ்ஸுக்குப் போனாள்.

புதன்கிழமை எனக்கு மெமோ வந்தது. செயலாளரின் கையெழுத்து இல்லாமலும், அவர் வாய்மொழியாகத் தடுத்த பிறகும், 3.6.1996 அன்று பட்டியலை ஒட்டியதற்கு மூன்று நாளுக்குள் எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும். இல்லையெனில் தற்காலிகப் பணி நீட்டிக்கப்பட மாட்டாது.

மூன்று நாள் தேவைப்படவில்லை. அன்றைக்கே, என் கணவருடைய நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது. தேதி, பெறுநர், பொருள் எல்லாம் முறையாகப் போட்டுவிட்டு, விளக்கம் என்ற இடத்தில் ஒரே வரி எழுதியிருக்கிறேன்.

'மணி ஐந்தரை ஆகிவிட்டது.'